ஆய்வேடு எழுதுவதில் செயற்கை நுண்ணறிவு: ஒரு மேற்பார்வையாளரின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்ததன் பின்னர், அவ்வகை எழுத்து உதவிக் கருவிகள் சிலவற்றை எனது ஆய்வுக் கட்டுரைகளுக்கும், மட்டக்களப்பில் நான் மேற்பார்வை செய்யும் இறுதியாண்டு மாணவரின் ஆய்வேடுகளுக்கும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன்.

எங்கள் மாணவரிற் பெரும்பாலானோர் உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் கற்றுவிட்டு, ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்கள். கடலோடு இணைந்த மட்டக்களப்பு வாவியில் நீர் மாதிரி எடுப்பதிலும் ஆய்வுகூட வேலையிலும் குறை சொல்ல முடியாத ஒரு பிள்ளை, முன்னுரையின் முதற் பந்தியிலேயே வாரக்கணக்கில் தேங்கி நிற்பதை ஒவ்வோர் ஆண்டும் கண்டிருக்கிறேன். அந்தத் தேக்கத்தை இக்கருவிகள் உண்மையாகவே குறைத்திருக்கின்றன. முறையியல் பகுதியைத் திருத்துவதில் அவை நன்றாக உதவுகின்றன. ஒரு வசனம் ஏன் பிழை என்று மாணவர் தமிழிலேயே கேட்டு, தமிழிலேயே விளக்கம் பெறலாம் என்பதைத் திருத்தத்தை விடப் பெரிய பயனாக நான் மதிக்கிறேன்.

சிக்கல், பெறுபேறுகளுக்குப் பொருள் சொல்லும் கலந்துரையாடல் பகுதியில்தான் தொடங்குகிறது. உவர்த்தன்மை கூடிய இடங்களில் இறால் குஞ்சுகள் குறைவாகக் காணப்பட்டன என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். கருவி அதை மெருகூட்டியபோது, உவர்த்தன்மை உயர்வு இறால் குஞ்சுகளைக் குறைக்கின்றது என்று மாறிவிட்டது. முதல் வசனம் ஓர் அவதானம். இரண்டாவது, அவரது தரவு தாங்காத ஒரு காரணகாரிய முடிவு. இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கச் சொன்னபோது அவரே சொன்னார்: "மிஸ், வசனம் வடிவாத்தான் இருக்கு, ஆனா நான் கண்டது இது இல்ல." இலக்கணப் பிழையை எவரும் கண்டுபிடிப்பர், இந்த நகர்வை, தரவை எடுத்தவர் மட்டுமே கண்டுபிடிப்பார். ஆகையால் மாற்றப்பட்ட ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் மாணவர் என்னிடம் வாய்மொழியாகக் காரணம் சொல்ல வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

இடம் பற்றிய அறிவிலும் கவனம் தேவை. வாவி பற்றிய ஒரு முன்னுரையில், மழைக்காலம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை என்று கருவி எழுதித் தந்தது. கல்லடியில் தோணி வலிக்கும் எவரும் உடனே மறுத்துவிடக்கூடிய தகவல் அது. எங்களுக்கு மாரி வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. அப்போதுதான் வெள்ளநீர் வாவிக்குள் இறங்கி, முகத்துவாரம் திறந்து, உவர்த்தன்மை வீழ்கிறது. பருவம் பிழைத்தால் அந்த ஆய்வின் பெறுபேறுகள் அனைத்தும் தலைகீழாகவே வாசிக்கப்படும்.

உசாத்துணைகளைப் பற்றிப் பலரும் எச்சரித்துவிட்டனர். அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்து எழுதும் பொறிமுறை, இல்லாத கட்டுரைக்கும் நம்பத்தக்க தலைப்பையும் சஞ்சிகைப் பெயரையும் அமைத்துவிடும். மாணவர் தாம் திறந்து வாசிக்காத எதையும் பட்டியலில் சேர்ப்பதை நான் ஏற்பதில்லை.

கற்பித்தலில் எனக்குப் பலன் தந்தது வரிசை மாற்றம். கலந்துரையாடலின் முதல் வரைவை மாணவர் கையால் எழுதுகிறார். தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தாலும் பரவாயில்லை. எதைக் கண்டோம், எதை இன்னும் சொல்ல முடியாது என்பது அந்தத் தாளில் தீர்மானமான பின்னரே கருவிக்குச் செல்லலாம். இரு வடிவங்களும் என்னிடம் வர வேண்டும். எழுதும்போதுதான் மாணவர் தமது தரவைப் புரிந்துகொள்கிறார். அந்தப் பாடுபடலைக் கருவியிடம் கொடுத்துவிட்டால் ஆய்வேடு மிஞ்சும், ஆய்வாளர் உருவாகமாட்டார்.

இயந்திர எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருட்களை நான் பயன்படுத்துவதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாமே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திர எழுத்தெனத் தவறாகக் குறித்ததை, ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 2023 இல் வெளியிட்டனர். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமும் தனது கண்டறியும் கருவியைத் துல்லியக் குறைவு காரணமாக அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது. எங்கள் பிள்ளைகளின் எளிய, திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலத்தை அத்தகைய தீர்ப்புக்கு ஒப்படைப்பது அநியாயம். அதற்குப் பதிலாக, எந்தக் கருவியை எந்தப் பகுதிக்குப் பயன்படுத்தினோம் என்பதை முறையியலில் வெளிப்படையாக எழுதச் செய்கிறேன். இத்தகைய கருவியை ஆசிரியராகக் குறிப்பிட முடியாது, பயன்பாட்டை அறிவிக்க வேண்டும் என்று நேச்சர் சஞ்சிகை 2023 ஜனவரியிலேயே அறிவித்தது. ஆகவே பின்னர் கட்டுரை அனுப்பும் மாணவருக்கு இந்தப் பழக்கம் இங்கேயே கைவந்திருக்கும்.