தக்கைப்பூண்டு விதை: எதைப் பார்த்து வாங்குவது, எங்கே சறுக்கும்

நெல் வயலுக்குப் பசுந்தாள் (நடவுக்கு முன் வளர்த்து, பச்சையாகவே மடக்கி உழுது உரமாக்கும் பயிர்) விதை வாங்கப் போனால் எங்கள் ஓட்டு தக்கைப்பூண்டுக்குத்தான். சணப்பும் கொளுஞ்சியும் மட்டம் என்பதல்ல. வயலில் நாலு நாள் தண்ணீர் நின்றால் சணப்பு பழுத்துப்போகும். கொளுஞ்சி விதையின் தோல் கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்க்காமல் போட்டால் முளைப்பு சொதப்பும், தழையும் குறைவு (மாடு வாய் வைக்காது என்பது அதன் தனிப் பெருமை). தக்கைப்பூண்டோ தண்ணீர் நிற்க நிற்க அடித்தண்டைப் பஞ்சாக உப்பவைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். அந்தத் தக்கைதான் பெயரிலேயே இருக்கிறதே. களர் நிலத்திலும் தாக்குப்பிடிக்கும்.

ஏக்கருக்கு 20 கிலோ வேண்டும். "பத்துக் கிலோ போதும்" என்று சொல்லும் கடைப் பேச்சை நம்ப வேண்டாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தால் செடி பக்கக்கிளை விட்டுத் தண்டு பருத்துக் கட்டையாகிவிடும். இடைவெளியில் கோரை ஏறும். நெருக்கமாக நின்றால்தான் தண்டு மெலிந்து சீக்கிரம் மட்கும்.

2024-இல் தொடங்கிய 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் வேளாண் விரிவாக்க மையங்கள் வழியாக மானிய விதை கொடுத்தார்கள். அங்கே இருப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கடை மூட்டையானால் அட்டையில் முளைப்புத்திறனையும் சோதனைத் தேதியையும் பாருங்கள். அட்டையே இல்லாத சில்லறை விதையா? நூறு விதையை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து நாலாம் நாள் பிரியுங்கள். ஊதி, பிசுபிசுத்து நாறினால் செத்த விதை, மூட்டையைத் திருப்பிவிடலாம். ஊறாமல் கல்லாகவே கிடந்தால் தோல் கெட்டி, அவ்வளவுதான். கொளுஞ்சிபோல மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

நெல்லுக்கு வைத்திருக்கும் சூப்பர் பாஸ்பேட்டை இதற்கே அடியுரமாகப் போடுவது நல்ல வழி, வேர்முடிச்சு திரளும். 25-ஆம் நாள் ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்கிறது. வெளுத்திருந்தால் வேலை நடக்கவில்லை.

பெரும்பாலோர் கெடுப்பது மடக்கி உழும் நாளில்தான். 45 நாள், அல்லது முதல் மொட்டு, எது முந்தியோ அது. தண்டை ஒடித்தால் 'மடக்'கென்று முறிய வேண்டும். பட்டை நாராக உரிந்து வந்தால் காலம் தப்பிவிட்டது. அந்த நாரை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். நட்ட நாற்று மஞ்சளாக நிற்கும், நடவாட்கள் காலில் கட்டை குத்தும். ஆள் கிடைக்கவில்லை, டிராக்டர் வரவில்லை என்று 60 நாள் தள்ளினால் இதுதான் கதி.

இரண்டங்குலத் தண்ணீர் கட்டி, கேஜ் வீலால் (டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரம்) நெடுக்கும் குறுக்குமாக மிதிக்க வேண்டும். தண்ணீரை வடியவிடாதீர்கள், சத்தும் கூடவே போகும். ஒரு வாரம் பத்து நாளில் நடலாம். வடிகால் இல்லாத பள்ளக்காலில் முட்டை அழுகிய நாற்றம் வந்தால், வேர் கறுக்கும் முன் ஒருமுறை தண்ணீரை வடித்துக் காயவிட்டே ஆக வேண்டும். அங்கே மட்டும் விதிவிலக்கு.

நன்றாக வந்த ஏக்கரில் எட்டு டன் பச்சைத்தழை, அதில் 25 முதல் 30 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 21 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இதை வைத்து "இனி உரமே வேண்டாம்" என்பது விளம்பரப் பேச்சு. சாம்பல்சத்தைத் தக்கைப்பூண்டு புதிதாக உண்டாக்குவதில்லை, அதே மண்ணிலிருந்துதான் எடுக்கிறது. பொட்டாஷ் வழக்கம்போலப் போடுங்கள். தழை மட்கும் சேற்றில் துத்தநாகம் பயிருக்கு எட்டாமல் போவதும் உண்டு. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மறக்க வேண்டாம்.

குறைக்க வேண்டியது அடியுர யூரியாவை. மேலுரத்தை இலை வண்ண அட்டை (இலையின் பச்சையை ஒப்பிடும் அட்டை) பார்த்துப் போடலாம். பூண்டும் மடக்கி யூரியாவும் முழுசாகக் கொட்டினால் இலைச்சுருட்டுப் புழு வரும். வெள்ளைப் பொன்னியானால் கதிர் முற்றும் முன்பே படுத்துவிடும்.