பதினாலு அறை மாத்திரைப் பெட்டி: ஒரு தையல்காரியின் கணக்கு

பார்சலைப் பிரித்ததும் பட்டன் போட்டு வைக்கும் டப்பா என்றுதான் நினைத்தேன். ஏழு நாள், நாளுக்கு இரண்டு அறை, ஒன்றில் சூரியன், ஒன்றில் நிலா. விலை 249 ரூபாய். இதற்கா இவ்வளவு என்று வாங்கிக் கொடுத்த மகளைத் திட்டினேன். நாலு மாதம் புழங்கிவிட்டு எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். காலையும் இரவும் ஒரு மாத்திரை. அந்த ஒன்றுக்குள்ளேயே மூன்று மருந்து: கிளிமிபிரைடு 1 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500, வோக்லிபோஸ் 0.2. சாப்பிட உட்காரும்போது போட வேண்டியது. போன தீபாவளிக்கு முந்தின வாரம் பிளவுஸ் ஆர்டர் குவிந்து கிடந்தது. காலையில் மாத்திரை போட்டேனா என்று நினைவில்லை. ஸ்ட்ரிப்பைப் பார்த்தால் அது என்ன சொல்லும்? இன்னொன்றைப் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். பதினொரு மணிக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கை நடுக்கம், முதுகெல்லாம் வியர்வை. மகள் மீட்டரில் பார்த்தால் சர்க்கரை 54-க்கு இறங்கியிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். குடித்தும் லேசில் தெளியவில்லை. காரணத்தை டாக்டர் அப்புறம் சொன்னார். காபிக்குப் போடும் சர்க்கரை குடலில் உடைந்தால்தான் ரத்தத்தில் சேரும்; அப்படி உடைய விடாமல் இழுத்தடிப்பதுதான் வோக்லிபோஸின் வேலையே. இந்த மருந்து போடுகிறவர்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான் சரி. 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துப் பார்த்து 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு. கிளிமிபிரைடு நாள் முழுக்க வேலை செய்யும் என்பதால் தெளிந்த பிறகும் திரும்ப இறங்கலாம். சாப்பிட்டுவிட்டு அன்றைக்கு முழுக்கக் கவனமாக இருக்கச் சொன்னார். ஒன்பது வருஷமாக இது தெரியாமலே மாத்திரை விழுங்கியிருக்கிறேன்! இப்போது மெஷின் டிராயரில் நூல்கண்டுக்குப் பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். சூரிய அறை காலியாக இருந்தால் போட்டாச்சு. நிரம்பியிருந்தால் மறந்தாச்சு, அதற்காக இரவு இரண்டாகப் போடக் கூடாது, இரவுக்குரியது மட்டும்தான். இந்த ஒரு விஷயத்துக்கே 249 கொடுக்கலாம்.

குறைகளும் உண்டு. நாள் பெயர் ஆங்கில முதல் எழுத்தில். எஸ் இரண்டு, டி இரண்டு. செவ்வாயா வியாழனா என்று ஒருமுறை குழம்பிவிட்டு, பேப்பர் டேப் ஒட்டி ஞா, தி, செ என்று எழுதிக்கொண்டேன். அறையும் சின்னது. மெட்ஃபார்மின் பல வருஷம் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம் என்று எனக்கு அதற்கும் ஒரு மாத்திரை உண்டு. இரண்டையும் வைத்தால் மூடி சரியாக மூடாது. சர்க்கரை மாத்திரையை உடைத்து வைக்கலாமே என்றாள் மகள். கூடவே கூடாது. என்னுடையது மெதுவாகக் கரையும் வகை, உடைத்தால் மருந்து மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் சேர்ந்துவிடும். இன்னொன்று, ஸ்ட்ரிப்பை விட்டு வெளியே எடுத்தால் மருந்தின் பெயரும் போய்விடுகிறது. பெயர் உள்ள ஒரு காலி ஸ்ட்ரிப்பை ரப்பர் பேண்டு போட்டுப் பெட்டியோடு வைத்திருக்கிறேன். ஒரு வாரத்துக்கு மேல் நிரப்புவதுமில்லை, மழைக்காலத்தில் ஈரம் ஏறிவிடும்.

பெரிய குறை என்று நான் சொல்வது வேறு. மாத்திரை போட்டாச்சா என்று இந்தப் பெட்டி சொல்லும், சாப்பாடு தயாரா என்று கேட்காது. எட்டு மணி ஆனதும் கை தானாகத் திறக்கப் போகிறது. இட்லி வேக இன்னும் அரை மணி இருக்கும். அதனால் சாமி அலமாரியில் இருந்த பெட்டி இப்போது சாப்பாட்டுத் தட்டோடு இருக்கிறது. தட்டு வந்தால்தான் பெட்டியும் வரும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். போன வாரம் இன்னொன்று வாங்கினேன், கொக்கியும் பிரஸ் பட்டனும் போட்டு வைக்க. மாறிவிடக் கூடாது என்று வேறு நிறத்தில்.