இணையத்தில் பழைய போர்தோ வைன் வாங்கும் உறவுகள் கவனம்: எனக்கு 380 யூரோ போய்விட்டது

380 யூரோ. இரண்டு போத்தல் வைனுக்கு நான் கொடுத்த காசு. இரண்டும் குசினித் தொட்டியில் ஊற்றப்பட்டுவிட்டன. விற்றவரும் கை விரித்துவிட்டார், விற்க இடம் கொடுத்த இணையத்தளமும் கை விரித்துவிட்டது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன். பிரான்சில் நம்மவர்கள் கனபேர் ரெஸ்டாரண்ட் குசினிகளில் நிற்கிறோம். முதலாளிக்கு, கூட வேலை செய்தவருக்கு ஒரு நல்ல வைனைப் பரிசாகக் கொடுக்கிற வழக்கம் நமக்குள்ளும் வந்துவிட்டது. அப்படி வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து முழுதும் வாசியுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

எங்கள் செஃப் ஓய்வு பெறுகிறார். பாத்திரம் கழுவ வந்த என்னைக் கூப்பிட்டு அடுப்படியில் நிறுத்தி வேலை பழக்கிய மனிதர். அவர் ரெஸ்டாரண்ட் திறந்தது 1996இல். அதனால் அந்த ஆண்டு வைனே கொடுக்க ஆசைப்பட்டேன். 1996 போர்தோவின் மெடொக் பகுதிக்கு நல்ல ஆண்டு. கபெர்னே சோவின்யோன் திராட்சை அந்த வருடம் அங்கே அருமையாகப் பழுத்தது. ஆற்றின் மறுகரையில், மெர்லோ திராட்சை கூடுதலாக இருக்கும் ஊர்களில், அவ்வளவு சிறப்பில்லை. எனவே மெடொக்கில் சான் ஜூலியன் ஊர் வைனைத் தேடினேன். 1855இல் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பாரிஸ் கண்காட்சிக்காகப் போட்ட தரப்பட்டியலில் இரண்டாம் தரத்தில் நிற்கும் சாத்தோ (வைன் தோட்டம்) ஒன்று. பெயர் சொல்ல மாட்டேன், அவர்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. அவர்கள் செய்த வைன் நல்ல வைன். அதைக் கெடுத்தது வேறு ஆள்.

தனியார் தங்களிடம் உள்ள பழைய போத்தல்களைப் போட்டு விற்கிற ஒரு தளம். அங்கேதான் இதைக் கண்டேன். இரண்டு போத்தல், 380 யூரோ. மலிவென்றும் சொல்ல முடியாது, சந்தேகப்படுகிற அளவுக்குக் குறைந்த விலையும் இல்லை. விற்பவரோடு தொலைபேசியில் கதைத்தேன். வலு மரியாதையான குரல். அப்பா இறந்துவிட்டார், அவர் போத்தலில் அடைக்கும் முன்பே காசு கட்டி வாங்கி வைத்தவை, வாங்கிய நாளிலிருந்து வீட்டுக் காவில், அதாவது நிலத்துக்கு அடியில் உள்ள வைன் அறையில்தான் கிடக்கின்றன என்றார். படம் அனுப்பினார்: கல் வளைவு, மண் தரை, தூசி படிந்த போத்தல்கள் படுக்கையாக வரிசையில். "அப்பா இவற்றைத் திறக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்கள் செஃப் குடித்தால் அவர் சந்தோஷப்படுவார்" என்றார். அந்த வார்த்தையில்தான் காசு அனுப்பினேன். செத்துப்போன தகப்பனை வைத்து ஒருவர் பொய் சொல்வார் என்று எந்த மனிதர் நினைப்பார்?

பழைய வைனில் நாம் காசு கொடுப்பது பெயர்ப்பட்டிக்கு மட்டும் இல்லை, அது கிடந்த இடத்துக்கும் சேர்த்துத்தான். 12, 13 பாகையில், இருட்டில், ஈரப்பதத்தோடு, ஆட்டம் அசைவில்லாமல் படுத்துக்கிடந்தால்தான் அந்த வைன் ஆறுதலாக முதிரும். இளம் வைனில் வாயைப் பிடிக்கிற துவர்ப்பு, வருடங்கள் போகப் போக நிறத்தோடு சேர்ந்து திரண்டு மண்டியாக அடியில் படியும். பழ வாசம் அடங்கி தேவதாரு, புகையிலை, தோல் போன்ற வாசங்கள் எழும். சூட்டில் கிடந்தால் எல்லாம் தலைகீழ். வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், ஓரத்தால் கசியும், காற்று உள்ளே போகும். 2003 ஆகஸ்டில் பாரிஸ் 40 பாகையை ஒட்டிக் கொதித்தது. 2019 ஜூலையில் 42.6 பாகை. இந்த இரண்டு கோடையையும் காவ் இல்லாத ஒரு வீட்டில் கழித்த போத்தல் என்ன கதிக்கு ஆளாகும்?

பார்சல் வந்தது. விளம்பரப் படத்தில் பெயர்ப்பட்டி மட்டும்தான் பெரிதாகத் தெரிந்தது, கழுத்துப் பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், ஒரு போத்தலில் வைன் கழுத்தைவிட்டு இறங்கித் தோளில் நிற்கிறது. மூடியின் மேலுள்ள ஈயத்தாள் சுழலவில்லை, அடியில் ஏதோ பிசின்போல் ஒட்டிக் காய்ந்திருந்தது. உடனே அவருக்கு எழுதினேன். "இந்த வயதுக்கு அது இயல்பு, கவலை வேண்டாம், அப்பாவின் காவ் மிக நல்லது" என்று பதில்.

பிரியாவிடை நாளுக்கு முன்பே போத்தல்களை நிமிர்த்தி வைத்தேன், மண்டி அடியில் இறங்கட்டும் என்று. எங்கள் சொமெலியே, ரெஸ்டாரண்டில் வைன் பார்த்துப் பரிமாறுபவள், என்னைவிட வயது குறைந்த பிள்ளை, ஆனால் வைனில் கெட்டிக்காரி, அவள்தான் திறந்தாள். பழைய தக்கை உடையும் என்பதால் திருகு ஆணி வேண்டாமென்று, இரண்டு மெல்லிய தகடுள்ள கருவியைப் பக்கவாட்டில் இறக்கி ஆட்டி ஆட்டி எடுத்தாள். தக்கை வெளியே வந்ததும் அவள் முகம் மாறியது. அடியிலிருந்து உச்சிவரை ஒரு பக்கமாக வைன் ஏறிய கறுப்புக் கோடு. ஒன்றும் சொல்லாமல் மெழுகுவர்த்தியை ஏற்றி, போத்தல் கழுத்துக்குக் கீழே வெளிச்சம் படப் பிடித்து, கராஃப் என்கிற கண்ணாடிக் குடுவையில் மெல்ல ஊற்றினாள். மண்டி கழுத்தை எட்டியதும் நிறுத்தினாள். இந்த வயது வைனை மணிக்கணக்கில் கராஃபில் விடக்கூடாது, குடிக்கும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும். 16 பாகையளவில் பரிமாறினாள். அவள் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

கிளாஸை வெள்ளை மேசைத்துணிமேல் சரித்துப் பார்த்தோம். 1996 வைனுக்கு ஓரத்தில் செங்கல் நிறம் வருவது சரிதான். இது நடுவரைக்கும் மண்ணிறம். முகர்ந்தால் பனங்கட்டிப் பாகு பொங்கிக் கருகின மணம், அதற்குப் பின்னால் ஒரு காடி நெடி. வாயில் பழமும் இல்லை, துவர்ப்பும் இல்லை, தட்டையான புளிப்பு மட்டும். ஈரக் கடதாசி மட்டை நாற்றம் அடித்திருந்தால் அது தக்கையின் குற்றம், நல்ல காவிலும் நடக்கும், அதற்காக நான் விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். இது அது இல்லை. "சூட்டில் வெந்த வைன்" என்றாள் அவள். இரண்டாவதைத் திறந்தோம். அதுவும் அதேதான். செஃப் என் தோளில் கை வைத்து, "நீ நினைத்ததே எனக்குப் போதும்" என்றார். அவர் பெருந்தன்மை அவரோடு. எனக்கு நெஞ்சு எரிந்தது, இப்போதும் எரிகிறது.

அடுத்த நாள் விற்றவரை அழைத்தேன். எடுக்கவில்லை. எழுதினேன். "ருசி ஆளுக்கு ஆள் மாறும்" என்றார். தக்கையின் படத்தை அனுப்பினேன். "பழைய வைன் என்றால் அது உங்கள் துணிவு" என்றார். விடாமல் கேட்டபோது கோபத்தில் தானே கக்கினார்: "வெயிலில் ஒன்றும் வைக்கவில்லை, அப்பாவின் வீட்டுச் சாப்பாட்டறை அலுமாரியில்தான் இருந்தன." அப்படியென்றால் அந்தக் கல் வளைவு யாருடைய காவ்? அந்தக் கேள்விக்குப் பிறகு பதிலே இல்லை.

தளத்தின் நியாயம் இதைவிட மோசம். பார்சல் கிடைத்து 48 மணி நேரத்துக்குள் முறையிட வேண்டுமாம், அதற்குப் பிறகு காசு விற்றவருக்குப் போய்விடுமாம். பழைய வைன் பயணம் செய்து வந்தால் மண்டி கலங்கி இருக்கும், சில வாரம் ஆறவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று அதே தளத்தின் ஆலோசனைப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்! ருசி பார்க்க முதலே கதவை மூடுகிற விதி இது. அலுமாரி என்று அவர் எழுதியதைப் படம் பிடித்து அனுப்பினேன். "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே. மேலும், போத்தல் திறக்கப்பட்டுள்ளது" என்று வந்தது பதில். திறக்காமல் எப்படி ஐயா தெரியும்? மறுபடி எழுதினால் அதே வரிகள், கீழே வேறு பெயர். 380 யூரோவை யாரிடம் கேட்பது?

ஆலோசனை எழுதுகிறேன் என்றேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் வேலை, மனமும் சரியில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கழுத்துப் பக்கம் தெரிகிற படம், பின்னால் விளக்கு வைத்து எடுத்தது, கேளுங்கள். தராவிட்டால் விடுங்கள். ஈயத்தாள் சுழல்கிறதா, கசிந்த தடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். எங்கே கிடந்தது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், தொலைபேசிப் பேச்சு ஒன்றுக்கும் உதவாது. வாங்கிய பற்றுச்சீட்டு கேளுங்கள். முடிந்தால் நேரில் போய்க் காவைப் பாருங்கள். 14 நாளில் திருப்பிக் கொடுக்கும் உரிமை வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால்தான், தனியாளிடம் வாங்கினால் இல்லை. ஆனால் மறைந்த குறை பற்றிய சட்டம், சிவில் சட்டத்தின் 1641ஆம் பிரிவு, தனியாள் விற்றாலும் பொருந்தும். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது. தக்கையையும் வெறும் போத்தல்களையும் எறியாமல் வைத்திருக்கிறேன். பதிவுத் தபாலில் கடிதம் நாளைக்குப் போகிறது. இப்படி வழக்காடி யாராவது காசு திரும்பப் பெற்றிருந்தால், எந்த அலுவலகத்துக்குப் போனீர்கள் என்று கீழே எழுதுங்கள்.