கால் வீக்கம் என்று போனோம், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்: ஒரு சிறுநீரகப் பிரிவில் எங்கள் அனுபவம்

26 வயதான என் தம்பிக்குக் காலையில் எழுந்தால் கண்ணிமைகள் உப்பியிருக்கும். மாலையில் காலுறையைக் கழற்றினால் அதன் தடம் கணுக்காலில் பள்ளமாக நிற்கும். ஒரு நாள் சிறுநீரில் 3.5 கிராமுக்கு மேல் புரதம் போனாலே நெஃப்ராட்டிக் நிலை, அதாவது சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் அளவுக்கு மீறிக் கசியும் நிலை என்கிறார்கள். அவனுக்கு 9 கிராம் போனது. முதலில் பார்த்த இடத்தில் உடனே ஸ்டீராய்டு தொடங்கச் சொன்னார்கள். மனம் ஒப்பாமல், சென்னையிலுள்ள வேறொரு தனியார் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம்.

அங்கிருந்த மருத்துவர் காலை அழுத்திப் பார்த்ததோடு நிறுத்தாமல் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று ஒவ்வோர் இடமாகத் தடவிப் பார்த்தார். இடது காறை எலும்புக்கு மேலே வலியில்லாத, ரப்பர் போன்ற நெறிக்கட்டு ஒன்று அவர் விரலில் தட்டுப்பட்டது. உடம்பு இளைத்திருக்கிறதா என்று அறிய நீர் கோத்த உடம்பில் எடைக்கருவியை நம்ப முடியாது என்பதால், சட்டை தோளில் தொளதொளப்பாகிவிட்டதா, இரவில் வியர்க்கிறதா என்று கேட்டார். ஸ்டீராய்டை முந்திக் கொடுத்தால் கட்டி சுருங்கி, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இருப்பதே பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம் என்று விளக்கி, சிறுநீரகத்திலும் கழுத்துக் கட்டியிலும் ஒரே வாரத்தில் பயாப்சி (சிறு திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) எடுக்க ஏற்பாடு செய்தார். இந்த ஒன்றுக்காகவே அந்தப் பிரிவை யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

சிறுநீரகத் திசு சாதாரண நுண்ணோக்கியில் குறையின்றித் தெரிந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் வடிகட்டியைப் பற்றியிருக்கும் செல்களின் பாதங்கள் தட்டையாகிப் போனது புலப்பட்டது. மினிமல் சேஞ்ச் நோய் என்றார்கள்; கழுத்துக் கட்டியோ ஹாட்ஜ்கின் லிம்போமா. புற்று சிறுநீரகத்துக்குப் பரவவில்லை, லிம்போமா கிளப்பிவிட்ட எதிர்ப்பாற்றல் கோளாறு வடிகட்டியைக் கெடுத்திருக்கிறது, கீமோதெரபிக்கு லிம்போமா அடங்கினால் புரதக் கசிவும் அடங்கும் என்று அம்மாவுக்குப் புரியும்படி படம் வரைந்து சொன்னார். அப்படியே இரண்டாவது சுற்று முடிவதற்குள் புரதக் கசிவின் அடையாளமான நுரை சிறுநீரில் நின்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் யூரிக் அமிலத்தையும் பார்த்த பிறகே புற்றுநோய்ப் பிரிவினர் மருந்தேற்றினார்கள். இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே நாங்கள் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய நேரவில்லை.

குறைகளும் உண்டு. எலக்ட்ரான் நுண்ணோக்கி அறிக்கைக்குப் பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். அதைவிட வருத்தம், 24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பை யாரும் வாய்விட்டு விளக்காதது. முதல் நாள் காலைச் சிறுநீரைக் கேனில் சேர்க்காமல் விட்டு, மறுநாள் அதே நேரத்துச் சிறுநீரோடு முடிக்க வேண்டும். இது தெரியாமல் முதல் கேன் முழுவதும் வீணாகி, வீங்கிய காலோடு அவன் மறுபடி ஒரு நாள் அதைச் செய்ய வேண்டியதாயிற்று. தமிழிலும் நாலு வரி ஒட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். மூன்றாம் முறை போனபோதும் கேனில் ஆங்கிலச் சீட்டு மட்டுமே இருந்தது.