அசல் ஆர்கேட் பெட்டியா, மாற்றியமைத்த பெட்டியா: மறுவிற்பனையில் எதற்கு மதிப்பு?

காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டிகளான ஆர்கேட் பெட்டிகளில், 1981இல் வந்த டாங்கி காங் போல ஓர் ஆட்டத்துக்கென்றே செய்யப்பட்ட அசல் பெட்டியை வாங்குவதா, பழைய பெட்டிக்குள் வேறு ஆட்டத்தைப் பொருத்தியதை வாங்குவதா என்று தயங்குவோர், விலையைக் கேட்பதற்கு முன் பெட்டியின் பக்கவாட்டைப் பார்ப்பது நல்லது.

மதிப்பு: அசலில் பக்கவாட்டு ஓவியம், சர்க்யூட் போர்டு, பின்புறத் தகட்டின் வரிசை எண் ஆகியவை மாறாமல் இருந்தால் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவார்கள். மாற்றியமைத்ததில் பெரும்பாலும் ஓவியத்தின் மேல் கறுப்புச் சாயம் பூசியிருக்கும். ஓரத்தில் மெல்லச் சுரண்டினால் பழைய நிறம் தெரியும், ஆனால் இழந்த மதிப்பு முழுதாகத் திரும்புவதில்லை.

பராமரிப்பு: அசலின் படக்குழாய் பழுதானால் மாற்றுக் குழாய் கிடைப்பது அரிது, எல்சிடி திரை பொருத்தினால் ஆட்டம் ஓடும், விலை இறங்கும். மாற்றியமைத்ததில் வெவ்வேறு ஆட்டங்களின் போர்டுகளை ஒரே வகையில் இணைக்க 1985இல் வந்த ஜாமா என்ற பொது இணைப்பு முறை இருந்தால் போர்டை மாற்றுவது எளிது.

நீடித்து உழைத்தல்: அடிப்பலகை ஈரத்தில் உப்பியிருந்தால் இரண்டுமே விலைபோகாது என்பதால், பெட்டியைச் சாய்த்துக் கீழே பார்த்த பின்பே பேரம் பேச வேண்டும்.

பின்னாளில் விற்கும் எண்ணமுடையவர் பொறுத்திருந்தாவது அசலையே வாங்கட்டும். வீட்டில் பல ஆட்டங்களை மாற்றி மாற்றி ஆட விரும்புபவருக்கு, குறைந்த விலையில் கிடைக்கும் மாற்றியமைத்த பெட்டியே பொருந்தும்.