சேகோ மில்லுக்கு கேமராவோடு வருகிறவர்களிடம் ஜாக்கிரதை: அப்பா பேசியதை வெட்டி ஒட்டிய கதை

ஆத்தூர், வாழப்பாடி, தலைவாசல், ராசிபுரம் பக்கம் சேகோ மில், அதாவது ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர்கள், ஓமலூர் பக்கம் வெல்ல ஆலை நடத்துகிறவர்கள், மொத்தத்தில் சின்ன அளவில் உணவுப்பொருள் தயாரிக்கிற எல்லோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "உங்க தொழிலைப் பத்தி நல்லதா ஒரு வீடியோ பண்றோம், காசு எதுவும் வேணாம்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் இந்தப் பக்கம் சுற்றுகிறார்கள். எங்கள் மில்லுக்கும் வந்தார்கள். சேனல் பெயரை இங்கே போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. ஆனால் அவர்கள் செய்த வேலையை முழுதாகச் சொல்கிறேன். இவர்கள் போனாலும் இதே வேலையைச் செய்ய வேறு ஆட்கள் வருவார்கள்.

வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். அப்பாவை ஐயா ஐயா என்று கூப்பிட்டார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி ஒரு தொடர் எடுப்பதாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு அதில் ரொம்ப சந்தோஷம். 1940-களில் இந்த ஊரில் குடிசைத் தொழிலாக ஜவ்வரிசி ஆரம்பித்தது, 1981-ல் ஜவ்வரிசி தயாரிப்பாளர்களுக்கான சேகோசர்வ் கூட்டுறவு வந்தது, அதற்கு முன் வியாபாரிகளிடம் எங்கள் தாத்தா பட்ட பாடு என்று எல்லாவற்றையும் சொன்னார். மரவள்ளிக் கிழங்கு இறக்குவதில் தொடங்கி, அதில் மாவுச்சத்து எவ்வளவு என்று பாயிண்ட் பார்ப்பது, தோல் உரிப்பது, அரைப்பது, பால் தொட்டியில் மாவு தங்குவது, குலுக்குத் துணியில் உருண்டை பிடிப்பது, வறுப்பது, களத்தில் காயப் போடுவது வரை கூடவே நடந்து காட்டினார். அந்தப் பேச்சு எதுவும் வீடியோவில் வரவில்லை.

வந்தது என்ன தெரியுமா? "நீங்க சாப்பிடுற ஜவ்வரிசி இப்படித்தான் தயாராகுது, அதிர்ச்சி!" என்று சிவப்பு எழுத்து. தம்ப்நெயிலில் எங்கள் களத்தில் வேலை செய்யும் ஒரு அக்காவின் முகம், அதைச் சுற்றி ஒரு வட்டம். உள்ளே ஆரம்பமே திப்பிக் குவியல்.

திப்பி என்னவென்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கிழங்கை அரைத்துப் பாலைப் பிரித்த பிறகு மிஞ்சும் நார்ச் சக்கை அது. அதைத் தனியாகக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்குக் கொடுக்கிறோம். மனிதர் சாப்பிடும் சரக்கில் அது சேராது. மாவு எடுத்த பின் மிஞ்சியதைத் திரும்ப எதற்கு உள்ளே போடப்போகிறோம்? அது ஓரமாகத்தான் கிடக்கும். ஈ மொய்க்கும், காக்கா உட்காரும். அந்தக் குவியலை அருகில் எடுத்து, பின்னணியில் பயமுறுத்துகிற இசையைப் போட்டு, "இதுதான் மூலப்பொருள் மக்களே" என்று ஒரு குரல் சொல்கிறது. அடுத்த காட்சி, மாவு தங்கிய பிறகு தொட்டியிலிருந்து வெளியேற்றும் பழுப்புத் தண்ணீர். அதற்கடுத்து பளபளவென்று வெள்ளை ஜவ்வரிசி. பார்க்கிறவர் மனசில் இந்த மூன்றும் தானாக ஒரே கோட்டில் சேர்ந்துவிடும்.

ஆனால் எங்களை நிஜமாக முடித்துக்கட்டியது அப்பா பேசிய அந்த ஒரே துண்டுதான். அவர் சொன்னது இது: "ரசாயனம் போட்டா பளிச்சுன்னு வெளுக்கும். சில பேரு போடறாங்க, அதிகாரிங்க வந்து புடிச்சிருக்காங்க. நாங்க போடறதில்ல, அதனாலதான் நம்ம சரக்கு லேசா மங்கலா இருக்கும்." வீடியோவில் ஒரு கேள்வி வருகிறது, "எப்படிங்கய்யா இவ்வளவு வெள்ளையா வருது?" என்று. உடனே அப்பா, "ரசாயனம் போட்டா பளிச்சுன்னு வெளுக்கும்." அவ்வளவுதான். மீதியைக் காணோம்.

அந்தக் கேள்வியை வீடியோ எடுத்தவன் எங்கள் மில்லில் கேட்கவே இல்லை. கேள்வி கேட்கும்போது அவனுக்குப் பின்னால் மஞ்சள் பெயின்ட் அடித்த சுவர் தெரிகிறது. எங்கள் மில்லில் மஞ்சள் சுவரே கிடையாது, எல்லாம் ஹாலோ பிளாக்கும் தகரமும்தான். நானும் தம்பியும் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். முந்தின வாக்கியத்தில் கொட்டகைத் தூணின் நிழல் அப்பாவின் தோளில் விழுகிறது, அடுத்ததில் அதே நிழல் நெஞ்சுக்கு வந்துவிட்டது. நடுவில் வெட்டிய இடம் தெரியக்கூடாது என்று அங்கே இரண்டு விநாடி திப்பிக் காட்சியை ஒட்டியிருக்கிறார்கள். குரல் மட்டும் தொடர்ந்து ஓடுவதால் கேட்பவருக்கு வெட்டு தெரியவே தெரியாது.

இதை நான் ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், போலி வீடியோ என்றதும் எல்லோரும் கம்ப்யூட்டரில் உருவாக்கிய முகம், ஏஐ குரல் என்றுதான் நினைக்கிறோம். இங்கே அப்படி எதுவும் கிடையாது. திப்பி எங்களுடையது, தொட்டி எங்களுடையது, முகமும் குரலும் அப்பாவுடையது. ஒவ்வொரு காட்சியும் நிஜம். சேர்த்துப் பார்த்தால் முழுப் பொய். இதை நிரூபிக்கக் கருவி எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, முழுப் பதிவு கையில் இருந்தால்தான் உண்டு, அது எடுத்தவனிடம்தான் இருக்கிறது. நாங்கள் கேட்டோம். "மெமரி கார்டு ஃபார்மட் ஆயிடுச்சுங்க" என்றான்.

2023 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கும். வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு காரணங்களுக்காக நடந்த அடிதடிக் காட்சிகளுக்குத் தலைப்பை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்கள். போலீஸ் மறுத்து, பீகார் அரசு குழுவை அனுப்பி நேரில் விசாரித்து, அப்புறம்தான் அடங்கியது. எங்கள் மில்லில் இருந்த பீகார் பையன்களின் வீட்டிலிருந்து ராத்திரி பகல் பார்க்காமல் போன் வந்துகொண்டே இருந்தது. பயந்து ஊருக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்கும் காட்சி நிஜம்தான், மேலே எழுதியது பொய்.

சரி, பணத்துக்கு வருகிறேன். வீடியோ வந்த பிறகு அப்பா போன் செய்து, "ஏன் தம்பி இப்படிப் பண்ணுனீங்க" என்று கேட்டார். முதலில் மழுப்பினார்கள். அப்புறம் வேறொரு நம்பரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, 40,000 ரூபாய்க்கு 'பாசிட்டிவ் பேக்கேஜ்' இருக்கிறது, எடுத்துக்கொண்டால் பழைய வீடியோவை எடுத்துவிட்டு மில்லைப் பாராட்டிப் புதிதாக ஒன்று போடுவோம் என்றார். நாங்கள் கொடுக்கவில்லை. இந்தப் பக்கத்திலேயே இன்னொரு மில்காரர் கொடுத்திருக்கிறார், அவரே எங்களிடம் வருத்தப்பட்டுச் சொன்னார். அவர் மில்லைப் பற்றி "நேர்மையான தயாரிப்பு, நேரடி ரிப்போர்ட்" என்று வீடியோ ஓடுகிறது. காசு வாங்கிப் போட்டது என்று அதில் ஒரு இடத்திலும் கிடையாது. திட்டுகிற வீடியோவுக்கும் புகழ்கிற வீடியோவுக்கும் ஒரே கடையில்தான் விலை போடுகிறார்கள், பார்க்கிறவர்கள் இரண்டையும் நம்புகிறார்கள். எனக்கு இதில்தான் அதிகக் கோபம்.

காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பாராட்டினால் அதைப் பார்ப்பவருக்குப் புரியும்படி சொல்லியே ஆக வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இன்ஃப்ளூயன்சர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். சட்டம் இருக்கிறது. ஆத்தூர் பக்கம் யாராவது அதைப் பார்த்துப் பயந்ததாக நான் பார்க்கவில்லை.

நஷ்டம் எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஜவ்வரிசி அதிகமாகப் போவது மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம் பக்கம். நவராத்திரி விரதத்துக்கு அவர்கள் செய்கிற கிச்சடிக்கு இதுதான் வேண்டும். யாரோ இந்த வீடியோவை இந்தியில் குரல் கொடுத்துத் திரும்ப ஏற்றிவிட்டார்கள். சரியாக நவராத்திரிக்கு முன்னால் அது வாட்ஸ்அப்பில் சுற்றியது. வருஷக்கணக்காக எங்கள் சரக்கை எடுத்துவந்த நாக்பூர் வியாபாரி, அப்பாவின் முகம் இருக்கும் துண்டையே அனுப்பி "இது என்ன சேட்" என்று கேட்டார். சோதனை ரிப்போர்ட் அனுப்பினோம். அவர் நம்பினார், ஆனால் அவரிடம் வாங்குகிற கடைக்காரர்கள் நம்பவில்லை. மூட்டைகள் கோடவுனில் நின்றன. கிழங்கு போட்ட விவசாயிகளுக்குப் பணம் கொடுக்க நகையை வைக்க வேண்டி வந்தது.

தம்ப்நெயிலில் முகம் வந்த அக்கா வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் மகளின் புகுந்த வீட்டில் "உங்கம்மா விஷம் கலக்கற எடத்துலயா வேலை பாக்கறாங்க" என்று கேட்டார்களாம். அவரிடம் படம் எடுக்கலாமா என்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மில்லுக்காவது ஒரு பெயர் இருக்கிறது, நாங்கள் போராடிக்கொள்வோம். தினக்கூலிக்கு ஜவ்வரிசி காயவைத்த அந்த அக்கா என்ன பாவம் செய்தார்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் தப்பு செய்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். வெளுக்க ரசாயனம் சேர்க்கிறவர்களும் மக்காச்சோள மாவு கலக்கிறவர்களும் இருக்கிறார்கள், உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போட்டு மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்திருக்கிறது. அவர்களால் எங்களுக்கும்தான் நஷ்டம், அவர்கள் சரக்கு பளிச்சென்று இருப்பதால் எங்கள் சரக்கின் விலை குறைகிறது. அதை ஒருவர் நேர்மையாக வீடியோ எடுத்துப் போட்டால் முதலில் பகிர்வது நானாக இருப்பேன். சாம்பிள் எங்கே எடுத்தது, எந்த ஆய்வகத்தில் கொடுத்தது, ரிப்போர்ட்டில் என்ன வந்தது, மில்காரர் என்ன பதில் சொன்னார் என்று எல்லாவற்றையும் காட்ட வேண்டும். எங்களைப் பற்றிய வீடியோவில் ஒரு சாம்பிள்கூட எடுக்கவில்லை. இந்த மாதிரி ஆட்களால் நிஜமாகக் கலப்படம் செய்கிறவனும் "யூடியூப்காரன் கெளப்பி விட்டது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. யார் கேமரா எடுத்துவந்தாலும் உங்கள் போனிலும் ஒரு பக்கம் முழுப் பேச்சையும் பதிவு செய்யுங்கள். நல்லவர்கள் அதற்குக் கோபப்பட மாட்டார்கள். எதற்காக எடுக்கிறார்கள், எந்தச் சேனல், தொழிலாளர்கள் முகம் வருமா என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பேசும்போது மறுப்பை முன்னால் வையுங்கள். "ரசாயனம் போட்டா வெளுக்கும்" என்று ஆரம்பித்தால் அங்கேயே வெட்டிவிடுவார்கள். "ரசாயனமே போடாததால எங்க சரக்கு மங்கலா இருக்கும்" என்று ஒரே மூச்சில் சொன்னால் வெட்டக் கஷ்டம். அடுத்தவர் செய்கிற தப்பைப் பற்றி உங்கள் வாயால் விளக்கவே வேண்டாம்.

வீடியோ வந்துவிட்டால் சண்டை போடுவதற்கு முன் அதை முகவரி, தேதியோடு ஸ்கிரீன் ரெக்கார்டு செய்து வையுங்கள். பிறகு அவர்கள் எடிட் செய்துவிடுவார்கள். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் கொடுக்க, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிப்புரிமைப் புகார் கொடுக்கலாம் என்று எங்களிடம் பல பேர் சொன்னார்கள். அது இங்கே நிற்காது, படம் எடுத்தது அவர்கள் என்பதால் உரிமையும் அவர்களுடையதாகிவிடும். அவதூறுப் புகார்தான் வழி. யூடியூபின் படிவத்தில் "முழுக்கப் பொய்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை, எந்த நிமிடத்தில் எந்த வார்த்தை, ஏன் பொய் என்று குறிப்பாக எழுத வேண்டும். முகம் வந்த தொழிலாளர் தன் பெயரிலேயே தனியுரிமைப் புகார் கொடுக்க வேண்டும், அவருக்காக முதலாளி கொடுத்தால் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2021-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி புகாரைப் பெற்றதாக 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அவர்கள் தீர்வு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம்.

பணம் கேட்டால் அது வெறும் அவதூறு இல்லை, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 308-வது பிரிவில் வரும் மிரட்டிப் பணம் பறித்தல். பேரம் பேசாதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள். நாங்கள் போலீஸில் கொடுத்தபோது முதலில் "அவதூறுன்னா கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். பேக்கேஜ் மெசேஜைக் காட்டிய பிறகுதான் சிஎஸ்ஆர், அதாவது புகாரைப் பெற்றதற்கான ரசீது போட்டுக் கொடுத்தார்கள்.

அப்பாவின் முழுப் பேச்சில் ஒரு பகுதி எங்களிடம் இருக்கிறது. களத்தில் இருந்த ஒரு பையன் தன் வீட்டுக்கு அனுப்புவதற்காக வேடிக்கையாகப் போனில் எடுத்தது. "நாங்க போடறதில்ல" என்பது அதில் தெளிவாகக் கேட்கிறது. அதை புகாரோடு சேர்த்திருக்கிறோம்.

அந்த வீடியோவின் லிங்க்கை யாரும் என்னிடம் கேட்க வேண்டாம், நீங்கள் போய்ப் பார்த்தால் அதற்கும் அவர்களுக்குத்தான் காசு. உங்களுக்கும் இதேபோல் போன் வந்திருந்தால், பணம் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, கூச்சப்படாமல் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள். ஒரு மில்லின் புகாரைவிட நான்கைந்து மில்களின் புகார் ஒன்றாகப் போனால் எஸ்பி அலுவலகத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்று வக்கீல் சொல்கிறார்.