தக்ளியா, பெட்டி ராட்டையா?

பருத்தி நூற்கப் பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நேரே பெட்டி ராட்டையை, அதாவது பெட்டிக்குள் அடங்கும் கைச்சக்கரத்தை, வாங்கிவிடுகிறார்கள். முதல் வாரமே நூல் அறுந்து அறுந்து வெறுத்துப்போய், பெட்டி பரணேறிவிடுகிறது. முதல் ஒரு மாதம் தக்ளியோடு இருங்கள் என்பதே எங்கள் கட்சி.

தக்ளி என்பது ஒரு சாண் எஃகுக் கம்பி, அடியில் பித்தளை வில்லை, மேலே சின்னக் கொக்கி. அடிமுனையைக் கொட்டாங்குச்சியில் ஊன்றி விரலால் சுண்டிவிட வேண்டும். அந்தரத்தில் தொங்கவிட்டால் தக்ளியின் கனமே மெல்லிய நூலை அறுத்துவிடும். நம் பருத்தி இழையின் நீளம் 25 முதல் 30 மில்லிமீட்டர்தான். ஊன்றிச் சுற்றியும் நூல் அறுந்தால் குற்றம் கையிலோ பஞ்சிலோதான் இருக்கும். ராட்டையில் அப்படிச் சொல்ல முடியாது. சக்கரத்தையும் கதிரையும் (நூலை முறுக்கும் கம்பி) இணைக்கும் கயிறு தளர்ந்திருக்கலாம், கதிர் மயிரிழை வளைந்திருக்கலாம், கயிற்றின் முடிச்சு கதிரைத் தாண்டும்போதெல்லாம் ஓர் உதறல் விழலாம். கையா, கருவியா என்று புதியவருக்குப் பிரித்தறியத் தெரியாது.

முறுக்கு ஏறும் வேகத்துக்கு ஈடாகப் பஞ்சுப் பட்டையை (நூற்பதற்காக உருட்டிய பஞ்சுத் திரி) பிடித்த கை பின்னால் போக வேண்டும். நூற்பதில் கடினமான இடம் இதுதான். முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்துக்கே முதலில் ஓடும்; தடித்த இடம் முறுக்கேறாமல் பொதபொதவென்று நிற்கும். அதைச் சரிசெய்ய இன்னும் முறுக்கினால் பக்கத்து மெல்லிய நூல் திருகிக்கொண்டு அறும். தடித்த இடத்துக்கு இருபுறமும் பிடித்து, முறுக்கை லேசாகப் பிரித்து, நிதானமாக இழுங்கள், தானே மெலியும். தக்ளி இதற்கு அவகாசம் தரும். ராட்டையின் பெரிய சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் கதிர் ஐம்பது சுற்றுக்கு மேல் போய்விடும்.

ஆனால் அந்த வேகம்தான் ராட்டையின் பலமும். 16ஆம் நம்பர் நூலுக்கு (நம்பர் கூடக்கூட நூல் மெல்லியது) அங்குலத்துக்குச் சுமார் 16 முறுக்கு வேண்டும். இரண்டடி இழுத்தால் 384. தக்ளியைத் திரும்பத் திரும்பச் சுண்ட வேண்டியிருக்கும். ராட்டையில் ஏழெட்டுச் சுற்றில் முடியும். பழகிய கை ராட்டையில் மணிக்கு 300 மீட்டர் நூற்கும், தக்ளியில் அதில் மூன்றில் ஒரு பங்கு. துணி நெய்கிற அளவுக்கு நூல் வேண்டுமானால் ராட்டை இல்லாமல் ஆகாது. நம்பரைக் கண்டுபிடிப்பது எளிது: 10 கிராம் பஞ்சில் 270 மீட்டர் நூல் வந்தால் 16, 340 மீட்டர் வந்தால் 20.

ராட்டை வாங்கும்போது கதிரைப் பாருங்கள். பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். நுனி ஒரே புள்ளியாய் நிற்க வேண்டும். வட்டம் போட்டால் வளைந்த கதிர், மாற்றித் தரச் சொல்லுங்கள். கயிறு வழுக்கினால் தேன்மெழுகு தேயுங்கள். அதற்காக இறுக்கிக் கட்டினால் சக்கரம் கனக்கும், கதிரைத் தாங்கும் பிடியும் தேயும். நூற்ற நூலைக் கதிரில் சுற்றுமுன் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பி, நுனியில் ஏறிய புரிகளை அவிழ்க்க வேண்டும். இதை மறப்பதால்தான் நூல் நுனியிலேயே அறுகிறது.

அம்பர் ராட்டை வேறு கணக்கு. தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் உருவாக்கியது, பெயரும் அவரிடமிருந்து வந்ததுதான். அதில் பஞ்சை இழுக்கும் வேலையை உருளைகள் செய்துவிடும். கைக்கு மிஞ்சுவது சுற்றுவதும் அறுந்ததை ஒட்டுவதும். பிழைப்புக்கு அருமையான கருவி, பொழுதுபோக்குக்கு நாங்கள் சொல்லமாட்டோம்.

காந்தி ஜெயந்தியன்று பலர் கூடி நூற்கும் நூற்பு வேள்விகளுக்குத் தக்ளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். ராட்டையோடு போகிறவர்கள் உதிரிக் கதிர் ஒன்றும் கயிறு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். கதிரைக் கழற்றித் தனியே மூங்கில் குழாயில் வைத்தால் பஸ் நெரிசலில் வளையாது.